திருப்பிச் சொல்லுங்கள்

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் நன்றாக வரும். நான் வீட்டில் இங்கிலீஷில் ஆரம்பித்தால் என் கணவர் ஜெபர்சன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருப்பக்கம் கிளம்பிவிடுவார். இந்தக் கோபத்தால் எனக்கு எத்தனையோ காரியம் ஆகியிருக்கிறது. ஒரு மனிதனின் கைவிரல்களும் போயிருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில், செவ்வாயும் வியாழனும் மாலை நாலு மணிக்கு எனக்கு வகுப்பு இருந்தது. மாணவர்கள் ஐந்து பேர், எல்லாரும் ஜப்பானிலிருந்து வந்த அதிகாரிகள். இலக்கணம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எழுதச் சொன்னால் ஒரு பிழை இருக்காது. வாயைத் திறந்தால்தான் தொல்லை. உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவர்கள் மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில்தான் முடியும். அதனால் டெஸ்க் என்பது அவர்கள் வாயில் 'தெசுகு' ஆகிவிடும். நம் ஊரிலும் அதே கதைதானே? பஸ்ஸு, காரு, டெஸ்க்கு. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர்கள்மேல் ஒரு சொந்தமே வந்துவிட்டது. ஆனால் ரவும் லவும் அவர்களுக்கு ஒன்றுதான். ரைட் என்றாலும் லைட் என்றாலும் நடுவாந்தரமாக ஒரே ஒலி வரும். ர, ற, ல, ள, ழ என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு வளர்ந்த எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்திருந்தேன். 'திங்க்' என்று சொல்ல நாக்கின் நுனியைப் பல்லுக்கு நடுவே நீட்ட வேண்டும். ஐம்பது வயது மனிதர்கள் வெட்கப்பட்டுக் கையால் வாயை மூடிக்கொள்வார்கள். "கையை எடுங்கள்" என்று அதட்டுவேன். நான் ஒரு தரம் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நான் தலையாட்டுகிறவரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். என் பிழைப்பே அதுதான்.

அந்த ஐவரில் மூத்தவர் ஒக்காபே சான். சான் என்பது அவர்கள் பெயரோடு ஒட்டுகிற மரியாதைச் சொல். உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர், ஐம்பத்தாறு வயது. நான் சொல்வதையெல்லாம் தேதி போட்டு ஒரு நீல நோட்டில் எழுதிக்கொள்வார். என்னை 'கிரேசி சென்சே' என்று கூப்பிடுவார். சென்சே என்றால் அவர்கள் மொழியில் ஆசிரியர். சேரப்பணஞ்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிற எனக்கு அந்த மரியாதை வேண்டித்தான் இருந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள், தான் தொழிலாளிகளிடம் பேசுவதைப் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டும் என்று கேட்டு என்னை உள்ளே அழைத்துப் போனார். தொப்பி, கண்ணாடி, இரும்பு வைத்த ஷூ எல்லாம் மாட்டிவிட்டார்கள். தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் முன்னால் மாரிமுத்து என்கிற ஒப்பந்தத் தொழிலாளி நின்றான். பரமக்குடிப் பக்கத்துக்காரன், இருபத்தாறு வயது இருக்கும். ஒக்காபே சான் அவனுக்கு அன்றைய வேலையை இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். முடித்துவிட்டுக் கையை விரித்து, "ப்ளீஸ், ரிப்பீட்" என்றார்.

மாரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டான். "சார், ஃபர்ஸ்ட் பட்டன் செக். தென் கை... ஹேண்ட் அவுட். தென் ஸ்டார்ட்."

ஒக்காபே சான் விரலை நீட்டிப் பட்டனைக் காட்டி, "யோஷி!" என்று உரக்கச் சொன்னார். எல்லாம் சரி என்று அர்த்தம். ஜப்பானில் தொழிற்சாலை, ரயில் எங்கும் இது ஒரு வழக்கமாம். கட்டளையைக் கேட்டவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரிபார்த்து யோஷி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மெஷின் ஓடும்.

பக்கத்து மெஷினில் இருந்த சூப்பர்வைசர் எல்லப்பன் விடவில்லை. "இன்னா மாரி, ஒண்ணாங்கிளாஸ் புள்ளயாட்டம் ஒப்பிச்சிக்கினு கீற? மிஸ் வேற வந்துகீறாங்க, சாக்லேட் குடுப்பாங்கடா!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரிமுத்துவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தக் குனிந்த தலை மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

எனக்குள் பதினெட்டு வருடத்துக் கோபம் கிளம்பியது. தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் முதல் வருடம், நான் 'ஃபிலிம்' என்று சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு 'இ' கூடுதல். லெக்சரர் என்னை எழுப்பி நிற்கவைத்து, அதைச் சரியாகச் சொல்லும்வரை திருப்பிச் சொல்லச் சொன்னார். பன்னிரண்டு தரம் சொன்னேன். ஒவ்வொரு தரத்துக்கும் வகுப்பு சிரித்தது. அன்றைக்குத்தான் இந்த இங்கிலீஷை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை வகுப்பில் ஒக்காபே சானைப் பிடித்துக்கொண்டேன். "வளர்ந்த மனிதர்களைக் குழந்தை மாதிரி ஒப்பிக்கவிடுகிறீர்களே, அது இங்கே அவமரியாதை. உடனே நிறுத்துங்கள்."

அவர் முகம் வாடிவிட்டது. "அவமரியாதையா? எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டும்." கைக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "ஆனால் சென்சே, திருப்பிச் சொல்லாவிட்டால் புரிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "நீங்கள் சரியாக உச்சரித்தால் அவர்களுக்குப் புரியும். அதற்குத்தானே நான் இருக்கிறேன்?"

அவர் தலைகுனிந்து வணங்கினார். நீல நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஏதோ ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிட்ட மாதிரி எனக்கு மனம் லேசாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது கேட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பு கிடையாது என்றார்கள். கேன்டீனில் எல்லப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"மாரிக்கு கை மாட்டிக்கிச்சு மிஸ். சோத்துக் கை. மூணு வெரலு போச்சு."

பிறகு நடந்ததைச் சொன்னார். அன்று காலை மாரிமுத்துவைப் புது பிரஸ்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய மெஷினில் எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அது தானாக நின்றுவிடும். புதியதில் முன்பக்கம் மட்டும்தான் நிற்கும். பின்பக்கம் போகிறவன் சாவியைத் திருப்பி மெஷினை நிறுத்தி, சாவியை எடுத்து, தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஒக்காபே சான் இதை ஒரு தரம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மாரிமுத்து "ஓகே சார்" என்றிருக்கிறான். மதியம் பின்பக்கம் ஒரு தகடு சிக்கியது. சாவி மெஷினிலேயே இருந்தது.

"மின்னல்லாம் திருப்பி சொல்லச் சொல்வாரு இல்ல மிஸ், அத வுட்டுட்டாரு. ரெண்டு மாசமா கேக்கறதேயில்ல. நாங்ககூட, அப்பாடா தொல்ல வுட்டுச்சுன்னோம்" என்றார் எல்லப்பன். அவர் கண் கலங்கியிருந்தது. "கிண்டல் பண்ண வாயி மிஸ் இது."

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அதை விடச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து எச்.ஆர். மேனேஜர் நடேசன் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அடுத்த வாரம் விசாரணை, வெளியிலிருந்து அரசு அதிகாரி வருகிறார், ஒக்காபே சான் இதைப் படிக்க வேண்டும் என்றார்.

"நாலே வரிதான் மேடம். கம்பெனி அறிக்கையிலயும் இதேதான் குடுத்திருக்கோம். நாக்கு குழறாம படிச்சிட்டா போதும். ட்ரெயின் பண்ணிடுங்க. விசாரணையில நீங்களும் பக்கத்துல இருங்க."

முதல் மூன்று வரி வருத்தமும் அனுதாபமும். நாலாவது வரி இது: பணியாளர் அறிவுறுத்தலைப் புரிந்துகொண்டதாக ஒப்புக்கொண்டார், இருந்தும் அதை மீறினார்.

"இதைப் படித்தால் மாரிமுத்து என்ன ஆவான்?" என்று கேட்டேன்.

"கான்ட்ராக்ட் லேபர் மேடம். தப்பு அவன் பேர்ல நின்னா கான்ட்ராக்டர் அனுப்பிடுவான். கம்பெனி மேல நின்னா ஆயுசுக்கும் வேலை குடுத்து வச்சிக்கணும். நமக்கு எதுக்கு அதெல்லாம்? நீங்க உச்சரிப்ப மட்டும் பாருங்க."

நான் தாளை வாங்கிக்கொண்டேன். என் வகுப்பை அடுத்த வருடத்துக்கு நீட்டிக்கிற தாளும் அவர் மேசைமேல்தான் இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டேன்.

அந்த வியாழன் வகுப்பில் ஒக்காபே சான் மட்டும் உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கைக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். முதல் மூன்று வரியும் அவ்வளவு சுத்தமாக வந்தது. ர வேறு, ல வேறு என்று தெளிவாகக் கேட்டது. ஒரு வருட உழைப்பு. நாலாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்தார்.

"சென்சே, 'புரிந்துகொண்டார்' என்று இதில் இருக்கிறது. அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை."

அவர் நீல நோட்டைத் திறந்து, தேடாமலே ஒரு பக்கத்தை எடுத்தார். ஜூன் மாதத் தேதி. கீழே கிரேசி சென்சே சொன்னது என்று போட்டு, அழகான கையெழுத்தில் நான் சொன்ன இரண்டு வாக்கியங்கள். நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்து நோட்டை மூடினார்.

"கேட்டது நான். முடிவு செய்தது நான். உங்கள் பெயர் வராது" என்றார்.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதை மறைக்க விரும்பவில்லை. முதலில் வந்தது நிம்மதிதான். அவமானம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

வீட்டில் ஜெபர்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஆளே உன் பேர சொல்லலன்றாரு. நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்? கம்முனு போயி குந்திகினு வா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உன்னால முடியாது, இல்ல?"

"தெரியலப்பா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லாரோடும் நின்று, 'என் பாவமே, என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொள்ளும் இடம் வந்தது. எனக்குக் கை எழவில்லை.

விசாரணை டிரெய்னிங் ரூமிலேயே நடந்தது. என் கைக்கண்ணாடிகளை ஒரு டப்பாவில் போட்டு ஓரமாக வைத்திருந்தார்கள். அதிகாரி வயதான பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி வைத்துக்கொண்டு, தன் கையாலேயே எல்லாவற்றையும் தமிழில் எழுதினார். ஒக்காபே சானுக்கு அருகில் நான். எதிரே மாரிமுத்துவும் அவன் மனைவி பாண்டிச்செல்வியும். கட்டுப் போட்ட கையை அவள் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

ஒக்காபே சான் எழுந்தார். நடேசன் கொடுத்த தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மாரிமுத்துவுக்கு நேராகத் திரும்பி, இடுப்பு வளைய வணங்கினார். பிறகு இங்கிலீஷில் பேசினார். "எங்கள் வழக்கம், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை நான் ஜூன் மாதம் நிறுத்தினேன். நிறுத்தாமல் இருந்தால் மாரிமுத்து சானுக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். தவறு என்னுடையது."

"ஏன் நிறுத்தினீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"என் முடிவு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நடேசன் பாய்ந்து எழுந்தார். "மேடம், இது மொழிப் பிரச்சினை. சார் சொல்ல வந்தது வேற. அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது." என் பக்கம் திரும்பினார். "டீச்சரே இருக்காங்க, கேளுங்க. சொல்லுங்க கிரேசி மேடம், அவருக்கு இங்கிலீஷ் சரியா வராதுதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் சொன்னதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும். நாலாவது வரி அப்படியே நிற்கும். என் வகுப்பும் நிற்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி கையைக் காட்டினார். "இருங்க, டீச்சரை அப்புறம் கேக்கலாம். அதென்னப்பா திருப்பிச் சொல்றது? நீ சொல்லு."

மாரிமுத்து மெதுவாகப் பேசினான். "சார் வேலையச் சொல்லுவாக மேடம். நாங்க அத அப்படியே அவுககிட்டத் திருப்பிச் சொல்லணும். தப்பாச் சொன்னா மறுபடி சொல்லித் தருவாக. அன்னைக்கு எனக்கு அந்தச் சாவி விசயம் சரியா வெளங்கல. எல்லாரும் ஓகேன்னாக, நானும் ஓகேன்டேன்."

"திருப்பிச் சொல்றது உனக்குக் கஷ்டமா இருந்துச்சா? கூச்சமா?"

"இல்ல மேடம்." அவன் ஒக்காபே சானைப் பார்த்தான். "எனக்கு அது பிடிக்கும். பயலுக கேலி பண்ணுவாங்ய, அதெல்லாம் சும்மா. இங்கிட்டு வந்து நாலு வருசமாச்சு. எல்லாரும் என்கிட்டச் சொல்லுவாக, போயிருவாக. நான் சொல்றத நின்டு கேட்டது இவுக ஒருத்தருதான். ராத்திரி இவகிட்டகூடச் சொல்லிக் காட்டுவேன், இன்னைக்கு இங்கிலீஸ்ல இன்ன இன்னது பேசினேன்டு. பெறகு ஒருநா கேக்குறத விட்டுட்டாக. நான் சொல்றது சரியா வரல போல, அதான் சாருக்குச் சலிச்சுப்போச்சுன்டு நெனச்சேன்."

பாண்டிச்செல்வி ஆமாம் என்று தலையை அசைத்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கி அந்தக் கட்டின்மேல் விழுந்தது.

பன்னிரண்டு தரம் 'ஃபிலிம்' சொன்ன பெண்ணுக்காக நான் போட்ட சண்டை அது. இவனுக்காக இல்லை. இவனிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழில் கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

நான் எழுந்தேன்.

"ஒக்காபே சான் இங்கிலீஷ் நல்லா இருக்கு. அவர் சொன்னது அத்தனையும் சரியாத்தான் சொன்னார். ஒண்ணை மட்டும் சொல்லாம விட்டார். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது நான். அவமரியாதைன்னு வகுப்புல சொன்னேன். புரிஞ்சுதான்னு எப்படித் தெரியும்னு அவர் கேட்டார். நீங்க சரியா உச்சரிச்சா புரியும்னு சொல்லிட்டேன். அவர் நோட்டுல தேதியோட இருக்கு."

ஒக்காபே சானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கிவிட்டது. "சென்சே, வேண்டாம்" என்று என் முழங்கையைத் தொட்டார். நடேசன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மாரிமுத்து என்னையே பார்த்தான். "எதுக்கு டீச்சர்?"

"உங்களுக்கு அவமானமா இருக்கும்னு நெனச்சேன்."

"எனக்கா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

அதிகாரி ஒக்காபே சானிடமிருந்து நீல நோட்டை வாங்கிப் பார்த்தார். கம்பெனி கொடுத்திருந்த அறிக்கையில் நாலாவது வரியைப் பேனாவால் குறுக்கே அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என் வாக்குமூலத்தையும் சேர்த்து எழுதினார். அவர் படித்துக் காட்ட நான் கையெழுத்துப் போட்டேன். மாரிமுத்துவிடம் தாளை நகர்த்தினார். அவன் ஐ.டி.ஐ. படித்தவன். பழக்கத்தில் வலது கையைத் தூக்கி, பிறகு இறக்கினான். பாண்டிச்செல்வி அவன் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்தாள்.

"இருப்பா. படிச்சது புரிஞ்சுதா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஓகே மே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். விரலில் மை காய்ந்துகொண்டிருந்தது. ஒக்காபே சான் பக்கம் திரும்பி, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"சார், டீச்சர் நிறுத்தச் சொன்னாக. நீங்க நிறுத்துனீக. எனக்கு வெளங்கல. எனக்கு வெளங்கலங்கிறது யாருக்கும் தெரியல."

அதை நான் ஒக்காபே சானுக்கு இங்கிலீஷில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, எதையும் விடாமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார். விரலை நீட்டவில்லை. எல்லாம் சரி என்று யோஷி சொல்லவில்லை.